ரக்கூனுக்கு வச்ச கூண்டு

— லோவல், அப்படியே நில்லு. அது பூனை இல்லை.

— பக்கத்துப் பண்ணை ஹேகன் வீட்டுப் பூனைதான்க்கா. ராத்திரி முழுக்கக் கூண்டுல கெடந்திருக்கு, பாவம். தொறந்து விட்டுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு சர்ச்சுக்குக் கெளம்பிடறேன்.

— ஹேகன் வீட்டுப் பூனைக்கு முதுகுல வெள்ளைக் கோடு எப்போ மொளைச்சுது?

— கோடா?

— வாலைப் பாரு, தொடப்பம் மாதிரி நிக்குது. ஸ்கங்க்குடா அது. இன்னும் நாலு எட்டு வச்சேன்னா பின்பக்கத்தைத் திருப்பி ஒரே பீச்சு, எத்தனை தடவை குளிச்சாலும் நாத்தம் போகாது. அப்புறம் பத்து நாளைக்கு உன்னை என் வண்டியில ஏத்த மாட்டேன்.

— தெரியும்க்கா. சும்மா உன்னைப் பயமுறுத்திப் பாத்தேன்.

— பயந்துட்டேன். இப்போ பின்னால வா. மெதுவா.

— வந்தாச்சு. மத்தி மீன் வாசனைக்கு வந்திருக்கும்.

— ரக்கூன் புடிக்க மத்தியா வச்சே? மார்ஷ்மெல்லோ வைக்கணும்னு இந்த மினசோட்டாவுல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இனிப்பு வச்சா ரக்கூன் மட்டும் வரும். மீன் வச்சா ஊர்ல இருக்கிற பூனை, ஸ்கங்க் எல்லாம் விருந்துக்கு வரும்.

— மார்ஷ்மெல்லோ இருந்துச்சு. நான் தின்னுட்டேன்.

— போன வருஷம்வரைக்கும் சோளக்கொல்லையில ரக்கூன் எறங்கினா துப்பாக்கியைத்தானே தூக்குவே? இப்போ என்ன கூண்டு?

— வயசாச்சுக்கா. மனசு எளகிப்போச்சு.

— உனக்கா?

— எனக்குத்தான். விடு. ஹேகனைக் கூப்பிடவா?

— ஹேகன் போன மே மாசம் ஒரு ஸ்கங்க்கைத் தொறந்து விட்ட லட்சணத்துல, பாஸ்டர் அத்தனை ஜன்னலையும் தொறந்து வச்சுத்தான் பிரசங்கம் பண்ணினார். நகரு, நான் பண்றேன்.

— நீ சர்ச் உடுப்புல இருக்கே. அந்தப் பழைய போர்வையை மட்டும் இப்படிப் போடு. அப்பா பண்றதை எத்தனை தடவை பாத்திருக்கோம்! போர்வையை முன்னால விரிச்சுப் புடிச்சுக்கணும். பேசிக்கிட்டே போகணும். குரல் ஏறக் கூடாது. கூண்டை மூடணும், கதவைத் தூக்கிக் குச்சி முட்டுக் குடுக்கணும். அப்புறம் அதுவாக் கெளம்புறவரைக்கும் அசையாம உக்காரணும். அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். திடீர்னு அசைஞ்சாலும் கத்தினாலும் தீர்ந்தோம். போ. நான் பம்புகிட்ட நிக்கறேன், இங்கேருந்து பக்கவாட்டுல நல்லாத் தெரியுது. ரொம்ப வேகமாவும் வேணாம், ரொம்ப மெதுவாவும் வேணாம். சர்ச் விருந்துக்குச் செஞ்ச ஹாட்டிஷ் வண்டியில ஆறிக்கிட்டிருக்கு.

— எதைப் பத்திப் பேசிட்டுப் போக?

— நான் பேசறேன். உன் பஸ்ஸைப் பத்தி.

— அக்கா!

— குரலை ஏத்தாதே. முன்னங்காலைத் தரையில தட்டுது பாரு. அடுத்தது பீச்சுறதுதான். நில்லு. நில்லுன்னேன்.

— நின்னுட்டேன், பாத்துட்டேன்.

— ஒரு எட்டு கூட வச்சுட்டுத்தான் நின்னே.

— ராஜா, தங்கம், ஒண்ணுமில்லைடா. உன்னை வெளிய விடத்தான் இந்த மாமன் வரேன். அந்த அம்மா பேசறதையெல்லாம் காதுல போட்டுக்காதே. அவங்க எங்கிட்டயும் அப்படித்தான்.

— தட்டுறதை நிறுத்திட்டுது. போ. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. உன் பஸ்ல முப்பத்தோரு பிள்ளைங்க.

— இருபத்திரண்டு வருஷமா ஏத்தி எறக்கறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா?

— இல்லை. ஊரே சொல்லும். ஜூலையில ரோட்டோரம் இருந்த என் தபால் பெட்டியை வண்டியால இடிச்சுச் சாய்ச்சது யாரு?

— அன்னைக்கு வெயில் கண்ணுல அடிச்சுதுக்கா.

— அன்னைக்கு மழை.

— கூண்டு இன்னும் எவ்வளவு தூரம்?

— நீதான் சொல்லணும்.

— ரெண்டு எட்டு.

— மூணு. கொஞ்சம் இடது பக்கமா. அப்படித்தான். மண்டி போடு. இப்போ போர்வையை விடு, மேல விழட்டும். நல்லா மூடிக்கிச்சு. கதவுப் பக்கம் மட்டும் தொறந்திருக்கு, அது போதும். இப்போ பதில் சொல்லு. ஜூலையிலேருந்து சர்ச்சுக்கு ஏன் என் வண்டியிலயே வரே?

— பெட்ரோல் விக்கிற விலை தெரியாதா உனக்கு?

— பாட்டுப் புத்தகத்தை ஏன் தொறக்கறதே இல்லை?

— எல்லாம் மனப்பாடம்.

— போன ஞாயித்துக்கிழமை பாடினது புதுப் பாட்டு. நீ வாயை மட்டும் அசைச்சே.

— ஜெபம் பண்ணாம என் வாயைத்தான் பாத்துட்டிருந்தியா?

— ஒரு மாசமா உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன். காப்பி ஊத்தறப்போ விரலைக் கோப்பைக்குள்ள விட்டு ஊத்தறே.

— சூடு பாக்கறேன்.

— கேளுடா. நான் சண்டைக்கு வரலை. பஸ் எல்லாத்துக்கும் பொறுப்பு வெர்லின்தானே, அவன்கிட்டப் போய், 'என் தம்பிக்குக் கண்ணு போச்சு, சாவியை வாங்கிடு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மூணு தடவை அவன் ஆபீஸ் வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். நீயாச் சொல்லிடு. அதுதான் மரியாதை.

— பஸ் ஓட்டலாம்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை என் பர்ஸுல இருக்கு. அடுத்த வருஷம்வரைக்கும் செல்லும்.

— அட்டைக்கு நல்லாக் கண்ணு தெரியும். உனக்கு?

— பஸ்ஸும் போச்சுன்னா எனக்கு என்னக்கா மிச்சம்? மாட்டையெல்லாம் வித்தாச்சு. கட்டினவ டோரீனும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. காலையில எழுந்திரிக்க ஒரு காரணம் வேணாமா மனுஷனுக்கு? பிள்ளைங்க ஒவ்வொண்ணா பஸ்ல ஏறறப்போ 'குட் மார்னிங் லோவல்'னு சொல்லும். முப்பத்தோரு தடவை. இந்த வீட்டுல என் பேரைச் சொல்ல வேற யாரு இருக்கா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா கேக்கறே?

— தெரிஞ்சதாலதான் மூணு தடவையும் திரும்பி வந்தேன். குரல் ஏறுது, எறக்கு. கதவைத் தூக்கு இப்போ.

— தூக்கிட்டேன். குச்சி, குச்சி எங்க வச்சேன்?

— வலது முட்டிகிட்ட. இன்னும் கொஞ்சம் முன்னால. அதான்.

— முட்டுக் குடுத்தாச்சு. பாத்தியா, எவ்வளவு சுத்தமா முடிச்சேன்! ஹேகன் வந்து கத்துக்கணும். ராஜா, வாசல் தொறந்திருக்கு. எப்போ மனசு வருதோ கெளம்பு. எனக்கு அவசரமில்லை, அந்த அம்மாவோட ஹாட்டிஷுக்குத்தான் அவசரம். அக்கா, ஏன் சத்தத்தையே காணோம்? பேசிக்கிட்டே இருக்கணும்.

— நீ பேசு. நான் பாத்துட்டிருக்கேன்.

— அப்போ கேட்டுக்கோ. என் பார்வையில ஒரு குறையும் இல்லை. நேராப் பாத்தா நடுவுல லேசா ஒரு பொகை, அவ்வளவுதான். இந்த வயசுல யாருக்கு இல்லை? அந்த ரோடு எனக்கு உள்ளங்கை மாதிரி. எந்த வளைவு எங்க வரும், எந்த வீட்டு வாசல்ல நிறுத்தணும், எல்லாம் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்.

— வாசல் அசையாது லோவல். பிள்ளைங்க அசையும். ஹேகனோட சின்னது இந்த வருஷம்தான் மொதல் மொதலா வருது. அது வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ் முன்னால குறுக்க ஓடி வந்துதான் ஏறணும்.

— ஓடி வரட்டும். ஒரு குருவி தாண்டினாலும் எனக்குத் தெரியும்.

— சரி. ஸ்கங்க் இப்போ என்ன பண்ணுது?

— உக்காந்திருக்கு.

— வால்?

— கீழதான் இருக்கு. கோவம் எறங்கிடுச்சு, என் ராஜாவுக்கு.

— எந்தப் பக்கம் பாக்குது?

— என்னைத்தான். வேற யாரைப் பாக்கும்?

— நிச்சயமா?

— கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, நிச்சயமான்னு கேக்கறியே! சரி, ஒரு ஒப்பந்தம். அது மூஞ்சியை அப்படியே சொல்றேன். சொல்லிட்டா பஸ் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது.

— சொல்லு.

— நெத்தியில மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. மூக்கு ஈரமா மினுங்குது. மீசை லேசா ஆடுது. எதையோ மோந்து பாக்குது, உன் ஹாட்டிஷாத்தான் இருக்கும். போதுமா?

— போதும்டா.

— அப்பாடா. ஒரு மாசமா உன்னைப் புடிச்சு ஆட்டின பேய் எறங்குச்சா?

— லோவல், கையைக் கூண்டுக்குள்ள விடு.

— பைத்தியமாக்கா உனக்கு? சர்ச்சுக்குப் போக வேணாமா?

— விடுடா. கடைசிவரைக்கும் நீட்டித் தடவிப் பாரு.

— என்னக்கா இது...

— தடவு.

— எப்போ போச்சு?

— குச்சியை வச்ச கொஞ்ச நேரத்துலயே. உன் முட்டியை ஒரசிக்கிட்டுத்தான் சோளத்துக்குள்ள எறங்குச்சு.

— போர்வை நழுவுதுன்னு நெனச்சேன்.

— நீ அதுகிட்டப் பேசிட்டே இருந்தே. கூப்பிட்டுச் சொல்லிடலாமான்னு நூறு தடவை வாய்வரைக்கும் வந்துச்சு. சொல்லலை.

— நல்லதுதான். சொல்லியிருந்தா, பாத்தேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்.

— பண்ணியிருப்பே.

— வெர்லின் இந்நேரம் வீட்டுல இருப்பானா?

— இருப்பான். நான் பேசட்டுமா?

— வேணாம்க்கா. நானே சொல்லிக்கறேன். நீ போன்ல நம்பரை மட்டும் அழுத்திக் குடு.