தொட்டிக்குள் இருப்பவர்களுக்காக

எலுமிச்சைத் தோலைத் தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மூன்று பங்கு தோல், ஒரு பங்கு சர்க்கரை, பத்துப் பங்கு தண்ணீர். மூடி போட்டு மூன்று மாதம் வைத்தால் சமையல் மேடை முதல் கழிப்பறை வரை துடைக்க அருமையான திரவம் கிடைக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் புட்டி வெடித்துவிடும். நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, வீட்டில் சொல்லிப் பாருங்கள். உப்புக்கறைக்கு வினிகர், பிசுக்குக்குச் சமையல் சோடா. வேறு எதுவும் என் வீட்டுக்குள் வராது.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன். முன்னறைதான் கடை. மனைவி பள்ளி ஆசிரியை என்பதால் வீட்டைக் கழுவுவது என் வேலை. மூன்று வருடம் முன்பு வரை நானும் ஊரோடு ஒத்துப் பிளீச்சிங் பவுடரைத்தான் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அதுவரை நாங்கள் செப்டிக் டேங்குக்கு அனுப்பிவைத்ததெல்லாம் குளியலறைத் துவாரம் வழியாகத் திரும்பி வந்து அவரை வரவேற்றது. அவர் இரண்டு காலையும் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டு, தேர்வு அட்டவணையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷி.

மறுநாள் கழிவு உறிஞ்சும் லாரிக்காரர் வந்து தொட்டியின் மூடியைத் திறந்தார். "உள்ள ஒண்ணுகூட உயிரோட இல்ல சார். நம்ம கழிவைத் தின்னு கரைக்கறதே அந்தக் கிருமிங்கதான். பவுடரைக் கொட்டி அத்தனையையும் கொன்னுட்டீங்க" என்றார்.

கொன்னுட்டீங்க என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிற ஜீவன்கள் வேறு எங்கே இருக்கின்றன, சொல்லுங்கள். உறவுக்காரர்கள் செய்வார்களா? அன்றோடு பவுடரை நிறுத்தினேன். மூன்று வருடம் தொட்டியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

பிறகு மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர், தனிக்கட்டை. பெற்றோர் போன பிறகு அவளைப் படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பணிமனையில் துருப்பிடித்த கம்பி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. விஷம் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து, பத்து நாளைக்கு மூன்று வேளையும் மாத்திரை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது கேப்சூல், ஒரு டப்பாவில். "எனக்கு அப்பா அம்மா எல்லாமே அண்ணன்தாங்க. ஒரு வேளைகூட விட்டுறாதீங்க" என்று மனைவி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

எனக்கு மச்சானைப் பிடிக்கும். வந்ததும் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, உள்ள சாலட் வாசம் அடிக்குது. போறதா, சாப்பிடறதா?" என்று கேட்டவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டப்பாவைப் பார்த்ததும் மனதில் ஒரு நெருடல். லாரிக்காரருக்குப் போன் போட்டேன். கிருமியைக் கொல்கிற மாத்திரை உடம்போடு நின்றுவிடாது, மிச்சம் தொட்டிக்குத்தான் போகும், நோயாளி இருக்கிற வீட்டுத் தொட்டிகள் கெட்டுப்போவதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்றேன்.

முதலில் நியாயமாகத்தான் பேசிப் பார்த்தேன். கால் ஆறும்வரை பஸ் நிலையக் கழிப்பறைக்குப் போய்வர முடியுமா என்று மச்சானிடம் மரியாதையாகக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "நொண்டிக்கிட்டே அவ்வளவு தூரம் போறதுக்குள்ள, போற வேலை வழியிலயே முடிஞ்சிரும் மாப்ள." அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

அன்று மதியம் கடை மேஜையில் உட்கார்ந்தேன். கடிகாரத் திருகாணி எடுக்கிற சின்ன இடுக்கியால் முப்பது கேப்சூலையும் திறந்து, உள்ளே இருந்த தூளைத் தட்டிவிட்டு, சமையல் சோடாவை நிரப்பி மூடினேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. கை அப்படிப் பழகிய கை. சோடா தொட்டிக்கும் கெடுதல் இல்லை, வயிற்றுக்கும் கெடுதல் இல்லை.

மூன்று வேளையும் தவறாமல் கொடுத்தேன். "மாப்ள கையால குடுத்தா தண்ணிகூட மருந்துதான்" என்று சொல்லி விழுங்குவார். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் பாதம் வீங்கிக் கறுத்து, உடம்பு தூக்கிப் போட்டது. மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு ஈரத்துணியோடு பக்கத்திலேயே கிடந்தாள். ஆஸ்பத்திரியில், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். ஒன்று விடாமல் விழுங்கினார் என்றேன். அதில் பொய் இல்லை. அப்படியானால் இந்த மருந்து இவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுசெய்து, டாக்டர் வேறு ஏதேதோ ஏற்றிப் பார்த்தார். எட்டாம் நாள் மச்சான் போய்விட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன் ஐயா. சொல்லியிருந்தால் அதே மாத்திரையைச் சரியாகக் கொடுத்திருப்பார்கள், மச்சான் பிழைத்தும் இருப்பார். ஆனால் இன்னும் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை.

எடுத்த தூளை என்ன செய்தாய் என்றும் கேட்டீர்கள். தண்ணீரில் கொட்ட முடியுமா? அப்புறம் நான் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு சின்னப் புட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். போன வாரம் தூசி தட்டும்போது மனைவி அதை எடுத்துவிட்டாள். என்ன இது என்றாள். கட்டின மனைவியிடம் நான் எதையும் மறைத்ததில்லை, சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. "எங்கண்ணன் உடம்பு கொதிச்சுக் கிடந்தப்ப, இது இந்த வீட்லயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம், ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை என்றேன். புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள் அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது. அந்தப் புட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'விஷம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.