புள்ளி நிக்கணும்

இருந்தவர்கள்:

அத்தான். இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர். தன் கையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவரே முடித்து வைப்பார்.

மச்சான். அவர் மனைவியின் தம்பி. அதே கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவன். கம்ப்யூட்டரில் விமானமும் விண்கலமும் ஓட்டுவதில் அத்தானை விடக் கெட்டிக்காரன் என்பது அவன் எண்ணம். எண்ணம் சரிதான். மற்ற விஷயங்களில் அத்தான் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது.

கடைக்காரம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஜாய்ஸ்டிக் விற்கிறவர், பழுதும் பார்க்கிறவர். மதியச் சாப்பாட்டுக்குக் கடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டிருந்தது.

— அது வேணாம் அத்தான், கீழ வைங்க. அது பொம்மை.

— கைக்கு நல்லாத்தான மாப்ள இருக்கு.

— இன்னைக்கு நல்லா இருக்கும். ஆறு மாசத்துல கழுத்து லொடலொடன்னு ஆயிடும். கேளுங்க அத்தான், நான் அதே மாதிரி ரெண்டு உடைச்சவன்.

— தம்பி சொல்றது சரிதான் சார். அது பிறந்தநாளுக்கு வாங்கிட்டுப் போறது. விஷயத்துக்கு வாங்க. என்ன ஓட்டுவீங்க, விமானமா, விண்கலமா?

— ரெண்டும்தாம்மா. விண்கலம் கொஞ்சம் அதிகம். சரக்கு ஏத்துற கலம்.

— சண்டை கிண்டை?

— சுடுறது, துரத்துறது எல்லாம் என் மச்சான் இவன். நான் பெட்டியை ஏத்துவேன், அடுத்த நிலையத்துல கொண்டுபோய் இறக்குவேன். அவ்வளவுதான்.

— அதைக் கேளுங்கம்மா. பகல் பூரா கிடங்குல இரும்பு தூக்குறாரு. வீட்டுக்கு வந்தா விண்வெளியில பெட்டி தூக்குறாரு. எங்கக்கா கேக்குறா, இந்த மனுஷனுக்கு எதையாவது தூக்காம ஒரு மணி நேரம் உக்காரத் தெரியாதான்னு.

— உங்கக்கா என்னைக்கு என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னா?

— இப்போ வார்த்தை மட்டும் இல்ல, டீயும் குறைஞ்சு போச்சு போல. காலைல பாத்தேனே. எனக்குத் தம்ளர் வழிய வழிய, உங்களுக்குப் பாதி. என்ன தகராறு?

— ஒரு தகராறும் இல்ல. நீ ஸ்டிக்கைப் பாரு.

— சார், விண்கலத்துக்குன்னா ரெண்டு கைக்கும் ரெண்டா வாங்குறவங்க இருக்காங்க. இடது கை கலத்தைப் பக்கவாட்டுல நகத்தும், வலது கை மூக்கைத் திருப்பும். ஒரு ஸ்டிக் போதும்னா கைப்பிடி திருகுற மாதிரி எடுங்க. அப்போ காலுக்கு மிதிகட்டை வேணாம்.

— ஒண்ணு போதும். திங்கக்கிழமைக்குள்ள கை பழகணும்.

— திங்கக்கிழமை என்ன?

— மாப்ள, நீயே சொல்லிடு. ஊரெல்லாம் சொல்லியாச்சு, இவங்ககிட்ட மட்டும் ஏன் பாக்கி?

— சொல்லாம இருப்பேனா. கிடங்குல கிரேன் கேபினைக் கழட்டுறாங்கம்மா. இனிமே அத்தான் மேல ஏறி உக்கார வேணாம். ஒரு ரூம், நாலு திரை, இதே மாதிரி ஒரு ஸ்டிக். அங்க உக்காந்துக்கிட்டே கிடங்கு இரும்பைத் தூக்கணும். அந்த நாற்காலிக்குத்தான் திங்கக்கிழமை தேர்வு. நிஜக் கம்பிக் கட்டு, நிஜ லாரி. இவரு ஓட்டுவாரு, நான் கீழ நிப்பேன்.

— கீழன்னா எங்க?

— லாரி மேல. கட்டு இறங்கி வர்றப்ப நான்தான் பிடிச்சுத் திருப்பி உக்கார வைக்கணும். ஒரு முழம் தப்பினா நான் கட்டுக்குக் கீழ இருப்பேன். ஆனா பயம்லாம் கிடையாது. எங்க அத்தான் தூக்கினா என் தலையில தூசி கூட விழாது.

— உன் தலையில இருந்த தூசியெல்லாம் நீ குளிக்காம சேத்து வச்சதுடா.

— பாத்தீங்களாம்மா, இப்படித்தான்.

— சரி, உக்காருங்க சார். இதைச் சொருகிட்டேன். திரையில ஒரு கோடு மேல கீழ, ஒரு கோடு குறுக்க. ஒரு புள்ளி தெரியுதா? கை போற பக்கம் புள்ளி போகும். லேசா முன்னாடி தள்ளி, பாதியில நிறுத்திப் பிடிங்க.

— நிறுத்திட்டேன்.

— நிக்கலையே சார்.

— நிக்குதும்மா.

— இல்ல அத்தான், புள்ளி ஆடுது. அடுப்புல கொதி வர்ற தண்ணி மாதிரி.

— அப்ப ஸ்டிக் சரியில்ல.

— உள்ள உரசுற பட்டை தேஞ்சிருக்கும் சார். இதைப் பாருங்க. இதுல தேயறதுக்கு ஒண்ணும் இல்ல, காந்தம்தான் வேலை செய்யுது. பிடிங்க. பாதியில.

— ம்.

— இதுவும் ஆடுதே. அம்மா, ஒயரு எப்படி? ஒயரு தளர்ந்திருந்தா இப்படித்தான் பண்ணும். எனக்கு ஒருதடவை கலம் தானா சுத்த ஆரம்பிச்சு நேரா கிரகத்துலயே போய் மோதுச்சு. கடைசியில பாத்தா ஒயரு.

— ஒயரு புதுசு தம்பி.

— அப்ப மேஜை. கீழ ஜெராக்ஸ் மிஷின் ஓடுதில்ல? அந்த அதிர்வு படியேறி வருது. அத்தான், எந்திரிங்க. அந்தச் சுவர் பக்கத்து மேஜைக்கு மாத்துவோம். நீங்க திரையைப் பிடிங்க.

— நீ பிடி. நான் நாற்காலியை எடுத்துக்கிறேன்.

— ஆங். இப்பப் பிடிங்க. பாதியில.

— ஜெராக்ஸ் மிஷின் இங்கயும் வருது போலிருக்கு மாப்ள.

— சிரிக்காதீங்க அத்தான். ஸ்டிக் ரொம்ப லேசு, அதான் விஷயம். நீங்க பிடிச்சுப் பழகினது கேபின்ல இருக்கிற இரும்புக் கம்பி. இந்தப் பஞ்சுமிட்டாய் உங்க கைக்கு நிக்குமா? அம்மா, ஸ்பிரிங் கெட்டியா ஒண்ணு எடுங்க.

— இது முழுக்க உலோகம். கெட்டி ஸ்பிரிங். உங்க கைக்குத்தான் சரியா வரும் தம்பி, சாருக்குக் கொஞ்சம் சின்னது. பரவாயில்ல, பிடிச்சுப் பாருங்க சார்.

— கனமாத்தான் இருக்கு.

— பாருங்க. பாருங்க. குறைஞ்சிடுச்சு. நான் சொன்னேன்ல?

— குறைஞ்சிருக்கு. நிக்கல.

— ஒரு செட்டிங் இருக்கு சார். சின்னச் சின்ன அசைவையெல்லாம் கண்டுக்காதேன்னு ஸ்டிக்குக்குச் சொல்லி வைக்கலாம். வைக்கவா?

— வைங்கம்மா, இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா. நானும் வீட்டுல வச்சிருக்கேன். ஆங். பாத்தீங்களா அத்தான்? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. முடிஞ்சு போச்சு. இதையே எடுத்துக்கோங்க.

— மாப்ள, புள்ளி நிக்குது. என் கையைப் பாரு.

— கையை எதுக்குப் பாக்கணும்? புள்ளிதான் நிக்குதே.

— பாருடா.

— ஏசி அதிகம். அம்மா, அதைக் கொஞ்சம் குறைங்க.

— ஏசி வேலை செய்யல தம்பி. ரொம்ப நாளா. செட்டிங்கை எடுத்துட்டேன். சார், நீங்க கையை எடுங்க. தம்பி, நீங்க பிடிங்க.

— நான் எதுக்கு? எனக்கு வீட்டுல இருக்கு.

— பிடிங்க. பாதியில நிறுத்துங்க.

— ஆங், பிடிச்சுட்டேன்.

— நிக்குது. அந்த ரெண்டாவதையும் பிடிங்க. அதுவும் நிக்குது. மொதல் ஸ்டிக்கு?

— போதும்மா.

— மொதல் ஸ்டிக்கு தம்பி.

— நிக்குது. சரி, நிக்குது. அதுக்கு இப்ப என்ன? அத்தானுக்கு நேத்து ஓவர்டைம். தூக்கம் இல்ல. தூக்கம் இல்லாட்டி யாருக்கும் ஆடும். எனக்கும் ஆடும். எருமைக்கும் ஆடும்.

— நேத்து நல்லா தூங்கினேன் மாப்ள. முந்தா நேத்தும் தூங்கினேன்.

— அப்ப டீ. காலைல பாதி தம்ளர்தான குடிச்சீங்க, அந்தச் சோர்வு.

— முழுசா ஊத்தினா சட்டையில கொட்டுது. அதான் உங்கக்கா பாதி ஊத்துறா.

— எத்தனை நாளா?

— மூணு மாசமா பாதிதான் ஊத்துறா. ஒரு வார்த்தை கேக்கல. உனக்கு மட்டும்தான் அது தகராறாத் தெரிஞ்சிருக்கு.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். பலம் குறையல, இழுக்கலாம், தூக்கலாம். அசையாம பிடிக்கணும்னாத்தான் ஆடுது. அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. மாத்திரை கொடுத்திருக்காங்க. கொஞ்சம் குறையும், போகாது.

— கேபின்ல ஓட்டுனீங்களே. நேத்து வரைக்கும் ஓட்டுனீங்க. நான் கீழதான நின்னேன்.

— அந்தக் கேபின் கம்பி பழசு. நான் ஆடினா அது ஆடாது. அவ்வளவு துரு. கிரேனோட துருதான் உன்னைக் காப்பாத்துச்சு, நான் இல்ல. போன மாசம் ஒரு கட்டு லாரிப் பலகையில இடிச்சுச்சே, என்ன சொன்னே?

— காத்துன்னு சொன்னேன்.

— கிடங்குக்குள்ள ஏதுடா காத்து?

— கேளுங்க அத்தான். நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ரூம் ஸ்டிக்குலயும் இந்தச் செட்டிங் இருக்கும். அதை மாட்டுற எலெக்ட்ரீசியன் நம்ம பையன்தான். நான் ஒரு வார்த்தை சொன்னா வச்சுக் கொடுத்துடுவான். தேர்வு எடுக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. புள்ளி நிக்கும். அவ்வளவுதான வேணும்?

— அம்மா, நீங்க சொல்லுங்க. அந்தச் செட்டிங் வச்சா என்ன ஆகும்?

— சின்ன அசைவு எதுவும் கிரேனுக்குப் போய்ச் சேராது சார். ஆட்டமும் சேராது, நீங்க வேணும்னு கொஞ்சமா நகத்தினா அதுவும் சேராது. நகத்தலையேன்னு இன்னும் தள்ளுவீங்க. திடீர்னு மொத்தமாப் போகும். விளையாட்டுல பரவாயில்ல, கலம் போனா இன்னொரு கலம்.

— கேட்டியா? கட்டு உக்காருறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி நாலு விரல் தூரம் இருக்கே, அதைத்தான் அது கண்டுக்காது.

— நான் பாத்துக்கிறேன். நான் கொஞ்சம் தள்ளி நிப்பேன். யார் தலை அத்தான்? என் தலை. நானே சரின்னு சொல்றேன், உங்களுக்கு என்ன?

— உன் தலைங்கறதாலதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். வேற எவன் தலையா இருந்தாலும் ஆபீஸ்ல சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

— ஸ்டிக் வாங்கன்னுதான கூட்டிட்டு வந்தீங்க.

— ஸ்டிக் வாங்கத்தான் வந்தேன். ஆனா எனக்கு இல்ல. திங்கக்கிழமை தேர்வுக்கு என் பேரை எடுத்துட்டு உன் பேரைக் கொடுத்துட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— உனக்குத்தான் கிரேன் லைசென்ஸ் இருக்கே. பீரோல உங்கக்கா சேலைக்கு அடியில வச்சிருக்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

— அது நீங்க திட்டினீங்கன்னு எடுத்தது. எனக்கு அந்த நாற்காலி வேணாம் அத்தான். கீழ நின்னா என் ஒருத்தன் தலை. அங்க உக்காந்தா கீழ நிக்கிற எல்லார் தலையும் என் கையில. ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.

— எனக்கு இத்தனை வருஷம் இறங்குச்சா? உங்கக்காகிட்ட கேளு. விளையாட்டுல அந்தச் சுத்துற நிலையத்துக்குள்ள கலத்தை இறக்குறியே, உரசாம. நான் பத்துத் தடவைக்கு நாலு தடவை உரசுறேன். நீ உரசி நான் பாத்ததே இல்ல. அப்ப மட்டும் வாய் கிழியப் பேசுறே.

— அது விளையாட்டு.

— அந்த ரூம்ல நாலு திரை, ஒரு ஸ்டிக். விளையாட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உனக்குத்தான் அதுல ஜாஸ்தி பழக்கம், எனக்கு இல்ல. இதுல அழறதுக்கு ஒண்ணும் இல்ல.

— யார் அழுதா?

— சரி, ஏசிதான். அம்மா, இவன் கைக்கு எது?

— அந்த உலோகம்தான் சார். பெருவிரல் பொத்தான் மேல சரியா விழுது. கட்டித் தரவா?

— கட்ட வேணாம். சொருகியே இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் பூரா இங்கயே ஓட்டட்டும். சுத்துற நிலையம் போடுங்க. நான் கிளம்புறேன்.

— நானும் வர்றேன்.

— நீ உக்காரு.

— அத்தான். எங்க போறீங்க?

— டீ குடிக்க. பாதி தம்ளருக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது.

— அத்தான், நில்லுங்க. அத்தான். படியில இறங்கிட்டாரு. வழி விடுங்கம்மா, நான் போய்ப் பேசணும். கதவை ஏன் சாத்துறீங்க?

— சாப்பாட்டு நேரம். வேற ஆள் வந்தா உங்களுக்குக் கவனம் சிதறும். உள்பக்கமாப் பூட்டிக்கச் சொல்லி அவருதான் சொன்னாரு.

— எப்பச் சொன்னாரு? நான் பக்கத்துலதான இருந்தேன்.

— போன வாரம். தனியா வந்தாரு. இதே நாற்காலி, இதே மூணு ஸ்டிக். ரொம்ப நேரம் புள்ளியையே பாத்துட்டு இருந்தாரு. மொதல் ஸ்டிக்குல பட்டை தேஞ்சிருக்குன்னு நான் சொன்னது பொய். மூணும் புதுசு.

— நீங்களும் சேந்துதானா.

— நேரா சொல்லிடுங்கன்னேன். நான் சொன்னா அவன் நம்பமாட்டான், எனக்காக ஜெராக்ஸ் மிஷினைக் கூடக் குத்தம் சொல்லுவான், புள்ளி சொன்னா நம்புவான்னாரு.

— பேரைக் கொடுத்துட்டாரு, கதவையும் பூட்டச் சொல்லிட்டாரு. எல்லாம் அவரே முடிவு பண்ணிட்டாரு. சரி, நான் உக்காந்தா கீழ யாரு? எவனோ புது ஆளைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. கொக்கி எந்தப் பக்கம்னு தெரியாதவன். அவன் தலைக்கு மேல நான் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

— புது ஆள் இல்ல தம்பி. பூட்டியாச்சு, சாவி என் இடுப்புல இருக்கு. உக்காருங்க, பாதியில நிறுத்திப் பிடிங்க. திங்கக்கிழமை லாரி மேல நிக்கப் போறது உங்க அத்தான்.