மூன்றாவது கட்டளை

டிஸ்க் நிறைந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, சார். பத்து நிமிட வேலைதான். சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம்.

எங்கள் குடோனுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டை கப்பலில் வரும். வண்டு விழாமலிருக்க மூட்டைகளுக்கு நடுவே பூச்சிமருந்து மாத்திரை வைத்து, மூன்று நாள் கதவைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு ஆளையும் கொல்லும். உள்ளே இருக்கும் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை வாயுவின் அளவை சர்வருக்குள் ஓடும் என் லினக்ஸ் வெர்ச்சுவல் மெஷினில் எழுதும். கடைசியாக எழுதிய எண் வாசலில் உள்ள திரையில் தெரியும். ஜீரோ வந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டவன் நான், நாசரேத் பெனிஸ்டன்.

போன மாதம் மேனேஜர் தேவபிரசாதம் என்னைக் கூப்பிட்டு, இனி சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள், நீ வேறு வேலை தேடிக்கொள் என்றார். யோசனை சொன்னது சூப்பர்வைசர் சிலுவை அண்ணாச்சி. "திரையில நம்பர் தானா வருது, அதுக்கு ஒரு ஆளு எதுக்கு சார்" என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தில் எதையாவது செய்துவிடும் ஆள் இல்லை நான். திரைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று புரியவைக்க நினைத்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, மாத்திரை வைக்கும் முன்பே டிஸ்க் நிறைந்தது. புது எண்ணை எழுத இடமில்லாமல் திரையில் ஜீரோ அப்படியே நின்றுபோனது. இதில் என் கைவேலை எதுவும் கிடையாது. மேனேஜர் இடத்தைக் கூட்டச் சொன்னார். செட்டிங்ஸில் நாற்பது ஜிபியை நூறு ஆக்கிக் காட்டினேன். திருப்தியாகப் போனார். ஆனால் அது பக்கத்து மனையை வாங்கி வேலி போட்ட மாதிரிதான். வீடு பெரிதாக வேண்டுமென்றால் லினக்ஸுக்குள் மூன்று கட்டளை கொடுக்க வேண்டும். பார்ட்டிஷனுக்கு ஒன்று, வால்யூமுக்கு ஒன்று, கடைசியாக ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்று. இரண்டைக் கொடுத்தேன். மூன்றாவதை விட்டுவைத்தேன்; திரையில் பழைய ஜீரோவே நின்றது.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி போய்க் கதவைத் திறந்தார். வழக்கமாக எண் இறங்கும்வரை ஒரு பகல் முழுக்கக் காற்றாட விடுவார்கள். அவர் எனக்குப் போன் செய்தார்.

"ஏலே பெனிஸ்டா, இப்பவே ஜீரோன்னு காட்டுதே. உள்ள போலாமாலே?"

"திரையில என்ன இருக்கோ அதான் அண்ணாச்சி," என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள். பூண்டும் அழுகிய மீனும் கலந்த வாடை அந்த வாயுவுக்கு. கொரோனா வந்து போனதிலிருந்து அண்ணாச்சிக்கு எந்த வாடையும் தெரியாது. வேலை போய்விடும் என்று பயந்து என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது என் குணம்.

குடோன் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். அப்போதுதான் மூன்றாவது கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு நொடி. திரையில் உண்மையான எண் ஏறியது. இனி யாரும் ஏமாற மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

சிலுவை அண்ணாச்சியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொட்டை பொறுக்க வரும் வடிவம்மாளின் சாவை என் தலையில் கட்டாதீர்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் அண்ணாச்சியை இழுக்க உள்ளே ஓடியபோது, திரையில் சரியான எண்தான் இருந்தது. போன் என் கையில் இருந்தது உண்மை. அவர் நம்பரும் அதில் இருந்தது. ஆனால் திரையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியது அவர்தானே, சார்.