கேப்டன் கல்பெப்பர் கல்லறையிலிருந்து எடுத்த கொடி

அலபாமா மாநிலம், கார்வெல் ஊர், ஷெரீஃப் காவல் அலுவலகத்தில் 1967ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி மாலை துணை ஷெரீஃப் ராய் வேன் முன்பாகக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் ஓசெல்லா ப்ரூயிட். வயது முப்பத்தொன்று. கறுப்பு இனம். கார்வெலில் ரயில் பாதைக்குத் தெற்கே, பஞ்சு ஆலைச் சாலை ஒன்பதாம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். ஊர் வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் ஆறு வருடமாகச் சமையல் வேலை செய்கிறேன். பிள்ளைகள் இல்லை. வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. நானே சொல்கிறேன் என்றேன்.

என் கணவர் லெமுவல் ப்ரூயிட் ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தார். சென்ற டிசம்பரில் வியட்நாமில் கொல்லப்பட்டார். ஜனவரியில் உடல் வந்தது. கூட வந்த வெள்ளைக்கார லெப்டினென்ட் என்னை அழைத்துக்கொண்டு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கிழக்குச் சரிவில் இடம் காலியாக இருந்தது. காவலாளி டாயில் ஸ்டிக்னி கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"சார், நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. ஓசெல்லாவுக்குத் தெரியும். தெரியும்ல, ஓசெல்லா?"

எனக்குத் தெரியும், அங்கே வெள்ளையர்களை மட்டும்தான் புதைப்பார்கள். ஆனாலும் பட்டாளத்து ஆள் கூட வந்தால் ஒருவேளை ஆகும் என்று நினைத்திருந்தேன். லெப்டினென்டுக்கு முகம் சிவந்தது. தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நாங்கள் திரும்பிவிட்டோம்.

கணவரை எங்கள் ஆட்களைப் புதைக்கும் இடத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தாழ்வான நிலத்தில் புதைத்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளி வைத்து இறைத்த பிறகுதான் பெட்டியை இறக்க முடிந்தது. பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியைச் சிப்பாய்கள் முக்கோணமாக மடித்து, நாட்டின் நன்றி என்று சொல்லி என் மடியில் வைத்தார்கள். அதை நான் பிரித்ததில்லை. பிரித்தால் அவர்கள் மடித்த மாதிரி திரும்ப மடிக்க எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் தனியாக இருந்து வருகிறேன். பள்ளியில் இருநூறு பேருக்குச் சமைக்கிறேன். வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதில்லை. பள்ளியில் மிஞ்சியதை எடுத்து வந்து நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். தினமும் காலையில் பிள்ளைகள் கொடிக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்லும் சத்தம் சமையல்கட்டுக்குக் கேட்கும். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நானும் கரண்டியை வைத்துவிட்டு நிற்பேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை ஊர் மாதர் சங்கத்தார் கடைத்தெருவில் மேசை போட்டு, போர்வீரர் நினைவு நாளுக்காகக் கல்லறைகளில் நடும் சின்னக் கொடிகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய், சங்கத் தலைவி திருமதி ஹார்டென்ஸ் கல்பெப்பரிடம் கேட்டேன்.

"அம்மா, என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுங்கம்மா. நானே கொண்டு போய் நட்டுக்கிறேன்."

"அடடா, ஓசெல்லா, இதெல்லாம் லிஸ்ட்டுல இருக்கிறவங்களுக்கு. உங்க சர்ச்சுல ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பாங்களே, கேட்டுப் பாரேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் சரி என்று வந்துவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை நினைவு நாள் என்பதால் பள்ளி விடுமுறை. காலையில் கணவர் கல்லறைக்குப் போய்ப் புல்லை வெட்டினேன். ஊரில் பேண்டு வாத்தியம் வாசிக்கும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. மதியம் வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அதன் பிறகு சுமார் இரண்டு மணிக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போய், முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். ஸ்டிக்னி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யார் வீட்டுப் புள்ளைங்களை மேய்க்க வந்தே?" என்று கேட்டார். வெள்ளைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் பெண்கள் அங்கே வருவது.

"யாரையும் இல்லீங்க, ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்.

நான் கற்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். போர்வீரர் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு கொடி இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் நாட்டை எதிர்த்துத் தெற்குப் படையில் இருந்தவர்களுக்கு இரண்டு. ஏப்ரலில் அவர்களுக்கான நினைவு நாளில் நட்ட தெற்குப் படைக் கொடி ஒன்று, இன்று நட்ட நாட்டுக் கொடி ஒன்று. கிழக்குச் சரிவில் கேப்டன் ஆம்ப்ரோஸ் கல்பெப்பர் என்பவர் கல்லறை இருக்கிறது. பகைவர் கொடியை வீழ்த்தும் முயற்சியில் உயிர் நீத்தார், 1864 என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதை இரண்டு முறை படித்தேன். அவர் வீழ்த்தப் போன கொடியைத்தான் மாதர் சங்கத்தார் அவர் தலைமாட்டில் நட்டிருந்தார்கள். அந்தக் கொடியை எடுத்தேன். மற்றதைத் தொடவில்லை.

கொடியை ஒளிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். முடிதிருத்தும் கடை வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் கொடி வருவதைப் பார்த்து எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிடித்திருப்பது யார் என்று பார்த்த பிறகு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் கல்லறையில் கொடியை நட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்று இருந்தது. ஜனவரிக்குப் பிறகு எனக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான்.

சுமார் ஒரு மணி நேரம் கழித்து துணை ஷெரீஃப் ராய் வேன் தன் காரில் வந்தார். திருமதி கல்பெப்பரும் வந்தார்.

"அது எங்க வீட்டுக் கொள்ளுத் தாத்தாவோட கொடி, ஓசெல்லா. உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலை."

"அம்மா, அவர் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. இதைக் கீழ தள்ளப் போய்த்தான் அவர் செத்தாரு. என் வீட்டுக்காரரு இதைப் போத்திக்கிட்டு வந்தாரு."

"ஏய், யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?" என்றார் துணை ஷெரீஃப்.

திருமதி கல்பெப்பருடைய குதிகால் செருப்பு சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லறையைப் பார்த்தார். என் கணவர் பெயரை எழுதிய பலகையைப் பார்த்தார். "இங்கதான் வச்சிருக்காங்களா?" என்று துணை ஷெரீஃபிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. துணை ஷெரீஃப், "ஆமாங்கம்மா, எப்பவும் இங்கதான்" என்று சொல்லிவிட்டுக் கொடியைப் பிடுங்கினார். கல்பெப்பர் அம்மா தடுக்கவில்லை. காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்த அலுவலகத்துக்கு வந்த பிறகு, மன்னிப்புக் கடிதம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் திருமதி கல்பெப்பர் தொலைபேசியில் சொன்னதாகத் துணை ஷெரீஃப் தெரிவித்தார். "போட்டுட்டுப் போயேன். அவங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூட போர்டுல இருக்காரு. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றார். கடிதத்தைப் படித்தேன். அதில் இறந்தவரை அவமதித்ததாக எழுதியிருந்தது. நான் எந்த இறந்தவரையும் அவமதிக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

கொடியை நான் எடுத்தது உண்மை. யாரிடமும் கேட்காமல் எடுத்ததும் உண்மை. திருடினேன் என்று முதலில் எழுதியிருந்தார்கள். அது என் சொல் இல்லை என்றேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'எடுத்தேன்' என்று எழுதினார்கள். அடித்த இடத்தில் என் முதலெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

இன்றிரவு என்னை இங்கே வைத்திருப்பதால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று துணை ஷெரீஃப் படிவத்தைப் பார்த்துக் கேட்டார். லெமுவல் ப்ரூயிட், கணவர் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டார்.

இதை எனக்கு முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ யாரும் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்) ஓசெல்லா ப்ரூயிட்