பன்றி அறிந்த பெரட்டு நேரம்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு சோற்றுப் பார்சல், ஒரு சோப்பு, துவைத்து மடித்த ஓர் ஆணின் சாரம்.

“பன்னிக்கு நம்ம பெரட்டு நேரம் தெரிஞ்சிருச்சுக்கா,” என்றாள் அவள்.

“கங்காணிகிட்ட பேரு குடுக்கிறதுதான் பாக்கி,” என்றாள் மூத்தவள்.

இளையவள் சிரிக்கவில்லை.

“பைன் காட்டுல ஊசி எலையத் தவிர திங்க என்ன இருக்கு? முன்னெல்லாம் ராத்திரியிலதான் நம்ம கெழங்குப் பாத்திக்கு வரும். கரண்டுக் கம்பி கட்டுனதும் பழக்கத்த மாத்திக்கிச்சு. காலையில எல்லாரும் பேரு குடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்குப் போய் லயத்து வீடெல்லாம் காலியானதும் எறங்குது.”

“அதுக்காகப் பகல்லயும் கரண்ட விடுவானா ஒன் புருஷன்? காய்ச்சல்னு வேலையில இருந்து திரும்பி வந்த சொந்தத் தம்பியில்ல கம்பியில செத்துப் போனான்!”

“ஆமாக்கா.”

“இன்னைக்குக் கோட்டுல ஒன்னயும் கேப்பாங்க. என்ன சொல்லப் போற?”

“உள்ளதத்தான். கம்பி கட்டுனது மட்டுந்தான் அவரு. எனக்காகப் பொய் சொல்லிட்டு மறியல்ல அடைபட்டுக் கெடக்காரு. அன்னைக்குச் சுவிச்சப் போட்டுட்டுப் பெரட்டுக்குப் போனது நான்.”