நோர்ஸின் அம்மையாரின் கடைசி அத்தியாயம்

தலைமையேற்றிருக்கும் துறவி அறிஞர், பெரியவர் தம்டின் அவர்களே! வெள்ளைச் சால்வைகளோடு வந்து நிறைந்திருக்கும் தர்மசாலா மக்களே! சன்னல் வழியே உள்ளே வந்து அமர்ந்துவிட்ட மேகமே, உனக்கும் வணக்கம். நோர்ஸின் அம்மையார் இருந்திருந்தால் உன்னையும் விட்டுவிடாதே என்று என்னிடம் சொல்லியிருப்பார்.

நம் திபெத்திய இலக்கியத்தின் வரலாற்றை எழுதிய அம்மையார் எங்கே? நூலக மேசையில் மதியம் கண்ணயர்வார். எழுப்பினால் சண்டைக்கு வருவார். "போங்கப்பா! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் இப்பத்தான் பனிமலை தாண்டி வந்து உக்காந்தார். வெண்ணெய்த் தேநீர் ஊத்தறதுக்குள்ள எழுப்பிட்டீங்களே!"

அந்த அரைத்தூக்கத்தில் பிறந்தவைதாம் எத்தனை பக்கங்கள்! அரசர்கள் கல்தூணில் வெட்டிய எழுத்து, இந்தியப் பண்டிதர்களோடு கூடி அமர்ந்து மொழிபெயர்த்த சூத்திரங்கள், கனவில் கேட்ட வீரகதையை விழித்ததும் பாடிய மேய்ப்பர்கள், மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட மடங்கள்! பனிமூட்டத்தில் ஆட்கள் வருவதுபோல் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கடைசி அத்தியாயத்தில்தான் வம்பு வந்தது. யாக் எருதுகள் மேய்க்கும் லும்த்ஸோ என்ற பெண் கைப்பேசியில் எழுதும் காதல் கவிதைகளை அம்மையார் அதில் சேர்த்தார். பதிப்புக் குழுவில் நம் பெரியவர் கொதித்தார். "யாப்பு இல்ல, அடக்கம் இல்ல. இதெல்லாம் இலக்கியமா?"

அம்மையார் கவிதைத் தாளை வேண்டுமென்றே கைநழுவ விட்டார். எழுத்து தரையில் கிடந்தால் நம்மில் யார் பொறுப்போம்? பெரியவர் பாய்ந்து எடுத்து உச்சந்தலையில் ஒற்றிக்கொண்டார்!

"இலக்கியமே இல்லாததுக்கா சாமி தலை குனிஞ்சீங்க?"

"சூழ்ச்சிக்காரி! எழுத்துக்குத்தாம்மா மரியாதை. இந்தக் கூத்துக்கு இல்ல."

குழு முழுவதும் சிரித்தது. வழக்கு மட்டும் தீரவில்லை. அதற்குள் அம்மையார் போய்விட்டார். நெஞ்சு ஆறவில்லை, நண்பர்களே!

நேற்று குழு மறுபடி கூடியது. இனி எதிர்த்துப் பேச ஆளில்லை, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். பெரியவர் மறித்தார்: "அவ செத்துப்போய்த்தான் நான் ஜெயிக்கணுமா? வேணாம்ப்பா. அந்தப் பொண்ணு கவிதை அப்படியே இருக்கட்டும். எனக்குப் பிடிக்கலன்னு கீழ ஒரு வரி போட்டுக்குங்க."

போடுகிறோம், பெரியவரே! அம்மையாரின் நூல் ஒரு சொல்லும் குறையாமல் அச்சேறும். இளையவர்கள் எழுத எழுத அந்த வரலாற்றை நாங்கள் தொடர்வோம். இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன். கடைசிப் பக்கத்தின் அடியில் உங்கள் மறுப்பும் இருக்கும். அதற்குச் சுடச்சுடப் பதில் சொல்லத்தான் அம்மையார் இல்லை.