பூச்செண்டு நிறுத்திய விசில்

"ஒரு பூச்செண்டுதான் மச்சான் அந்த விசில நிறுத்துச்சு."

திருமுல்லைவாயில் தாண்டிய ரயிலில், டிரம் குச்சிகளை மடியில் வைத்திருந்தவர் நண்பரிடம் சொன்னார்.

"ரிசப்ஷன் கச்சேரி. பாடுறவரு மைக் தலைய இன்னொரு கையால மூடிகினே பாடுனாரு. மூடுனா, காலாண்ட கீற மானிட்டர் ஸ்பீக்கரு விசிலடிக்கிற மாதிரி கூவும். பொண்ணோட அப்பா கச்சேரிய நிறுத்தச் சொல்லி எழுந்துட்டாரு."

"கைய எடுங்கன்னு சொல்றதுதானே?"

"சொன்னா கோச்சிகினு எறங்கிடுவாரு. சவுண்டு பாக்குற சுமதிக்கா ஒரு பூச்செண்ட எடுத்து, ரசிகர் குடுத்தாருன்னு சொல்லி அவராண்ட குடுத்துச்சு. அந்தக் கையில பூ வந்துச்சு, விசில் போச்சு."

"அடுத்த பாட்டுக்குக் கீழ வெச்சிருப்பாரே?"

"எங்க வெச்சாரு? கடைசி வரைக்கும் புடிச்சிகினே பாடுனாரு. நேத்து ஆவடி கச்சேரில, அந்த ரசிகரு வந்துகீறாரான்னு கேட்டாரு. சுமதிக்கா சவுண்டு மிக்சராண்ட நின்னுகினு, வந்துகீறாரு சார்னுச்சு."